பழைய நம்பரைக் கேட்டுப் போடத் தெரியாதா?

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். அதற்காகச் சித்திரை வெயிலில் காட்பாடியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஐந்து பாட்டுப் பதிவு செய்தோம். மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை அணைத்துவிட்டார்கள். வேலூர் வெயில் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தாய்மாமா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, துண்டால் கையைத் துடைத்துத் துடைத்து நடுராத்திரி வரை பம்பை அடித்தார்.

அந்தப் பாட்டுகள் இரண்டு வருடம் பாட்டுக் கேட்கும் ஆப்புகளில் நன்றாக ஓடின. பாட்டை ஆப்புகளில் ஏற்றித் தருகிற ஏஜென்சியைப் போன வருடம் மாற்றினோம். "ஐ.எஸ்.ஆர்.சி. நம்பர், பார்கோடு எல்லாம் நாங்க புதுசா போட்டுக்கறோம் சார்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். பழைய பதிவை எடுத்துவிட்டு, புது நம்பரோடு ஏற்றினார்கள். அவ்வளவுதான், அத்தனை பாட்டுக்கும், கேட்டவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். "நம்ம பாட்டை ஒருத்தரும் கேக்கலையாடா?" என்று மாமா கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

கோபம் எங்கே வருகிறது தெரியுமா? இது தெரியாத விஷயமே இல்லை. ஐ.எஸ்.ஆர்.சி. என்பது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் கொடுக்கிற அடையாள நம்பர்; எழுத்தும் இலக்கமுமாகப் பன்னிரண்டு. முதல் ஐந்தும் நம்பர் கொடுக்கிறவருக்கு (நம் நாட்டுக்கு என்று வைத்த தொடக்கம் ஐ.என்.), அடுத்த இரண்டு இலக்கம் நம்பர் கொடுத்த வருடத்துக்கு, கடைசி ஐந்து அந்தப் பதிவுக்கு. ஒரு பதிவுக்கு ஒரு தடவை கொடுத்தால் கொடுத்ததுதான். ஏஜென்சி மாறினாலும், அதே பாட்டை இன்னொரு தொகுப்பில் சேர்த்தாலும் அதே நம்பர்தான் போக வேண்டும். புதிதாகப் பாடிப் பதிவு செய்தாலோ, பதிவை மாற்றி வேறு பதிப்பு ஆக்கினாலோதான் புது நம்பர். முக்கியமாக அந்த நம்பரை வைத்துத்தான் பழைய பாட்டும் புதிதாக ஏற்றியதும் ஒன்றுதான் என்று ஆப்புக்குத் தெரியும். வீடு மாறினால் பிள்ளைக்கு வேறு பிறப்புச் சான்றிதழா வாங்குகிறோம்?

அவர்கள் என்ன செய்தார்கள்? பழைய பாட்டுக்குப் புது நம்பர். இன்னொரு பக்கம், குரல் இல்லாத தாளப் பதிப்பு ஒன்று இருக்கிறது. அது தனிப் பதிவு, அதற்குத்தான் தனி நம்பர் வேண்டும். அதற்கும் பாட்டுக்கும் ஒரே நம்பரைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கவில்லை, கொடுக்கக் கூடாத இடத்தில் கொடுத்தார்கள்.

அப்புறம் பில். பார்கோடு என்பது பாட்டுக்கு இல்லை, வெளியீட்டுக்கு. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிற அதே பதின்மூன்று இலக்கச் சமாச்சாரம். ஐந்து பாட்டையும் ஒரே ஆல்பமாக விட்டால் ஒரு பார்கோடு போதும். பாட்டுக்கு ஒன்று என்று ஐந்துக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். பாட்டு எழுதியவரின் வரிக்கும் மெட்டுக்கும் ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்று தனி நம்பர் உண்டே என்று கேட்டேன். "அதுவும் பார்கோடும் ஒண்ணுதான் சார்" என்றார் போனில் பேசியவர். இதுதான் இவர்கள் தொழில்!

முதல் ஏஜென்சி கொடுத்த தாள் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஐந்து பாட்டு, ஐந்து நம்பர், எல்லாம் தெளிவாக. அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பாட்டுகளை எடுத்துவிட்டு, பழைய நம்பரோடு மறுபடி ஏற்றித் தருவார்களாம், அதற்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமாம். அவர்கள் செய்த தப்பைத் திருத்த நான் எதற்குய்யா காசு கட்ட வேண்டும்?