ஆர்க்டிக் ஆலா நிற்காமல் பறக்கிறதா?

ஆர்க்டிக் ஆலா வடதுருவத்தில் கிளம்பினால் எங்கேயும் நிற்காமல், எதையும் தின்னாமல் தென்துருவம் போய்த்தான் இறங்கும் என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி எதுவும் இல்லை.

சுமார் 100 கிராம் எடையுள்ள இந்தக் கடற்பறவை வடக்கே ஆர்க்டிக் கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு அண்டார்க்டிகாவின் பனிக்கடலுக்குப் போய்த் திரும்புகிறது, அதுவரை சரி. ஆனால் கிரீன்லாந்தில் சில ஆலாக்களின் காலில் போகும் இடத்தைப் பதிவு செய்யும் 1.4 கிராம் கருவியைக் கட்டிப் பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அவை தெற்கே போகும் வழியில் வட அட்லாண்டிக்கின் நடுவே 3 வாரத்துக்கும் மேல் தங்கி இரை தேடியது பதிவாகியிருக்கிறது. அப்புறம் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் கேப் வெர்டே தீவுகள் பக்கம் வந்ததும் சில ஆப்பிரிக்கக் கரையோரமாகவும் சில பிரேசில் பக்கமாகவும் பிரிந்து போயிருக்கின்றன, இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வழியெல்லாம் அந்தரத்தில் சிறகடித்து நின்று, சட்டென்று தலைகீழாகப் பாய்ந்து, நீரின் மேல்மட்டத்தில் இருக்கும் சின்ன மீனைக் கவ்விக்கொள்ளும். பட்டினி எல்லாம் கிடையாது.

தெற்கே போகச் சராசரியாக 90 நாளுக்கு மேல் ஆகிறது, திரும்பி வர சுமார் 40 நாள்தான், காற்றின் போக்கைப் பிடித்துக்கொண்டு அட்லாண்டிக்கில் வளைந்து வளைந்து வருவதால். ஆண்டுக்குச் சராசரியாக 70,000 கிலோமீட்டருக்கு மேல். உண்மைக் கணக்கே இவ்வளவு இருக்கும்போது கதை எதற்கு?