ஒரு மில்லிமீட்டர் லயம்

மஸ்கெலியாவின் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கினால் போதும், இரண்டு நாளைக்கு என் முகநூல் முழுக்க ஒரே காட்சிதான். வெடித்துக் கிடக்கும் சேற்றில் பழைய கோயில் கட்டடம், ஒரு பக்கம் பள்ளிவாசல், விகாரையின் மிச்சம், முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும் பிள்ளைகள். எடுக்கட்டும், அதில் தப்பொன்றும் இல்லை. நானும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். ஆனால் கோயிலைச் சுற்றி என்ன இருந்தது? கடைத்தெரு எந்தப் பக்கம் திரும்பியது? தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கிய குறுக்குப்பாதை ஆற்றை எங்கே தாண்டியது? சேற்றைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல முடியாது. 1969 இல் அணை கட்டி முடித்தபோது பழைய மஸ்கெலியா டவுனை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். கீழே இருந்த ஊரின் அமைப்பு தண்ணீரோடு போய்விட்டது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

போகவில்லை. அணை வருவதற்கு 13 வருடம் முன்பே அதை வானத்திலிருந்து படம் பிடித்திருக்கிறார்கள்.

1956 இல், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவி செய்ய, ஹன்டிங் சர்வே என்ற நிறுவனம் இலங்கைக்கு மேலே விமானம் ஓட்டி வரிசை வரிசையாகப் படம் எடுத்தது. காடு எவ்வளவு இருக்கிறது, மண் எப்படி, ஆற்றுப் படுகைகளில் என்ன செய்யலாம் என்று கணக்குப் பார்ப்பதற்காக. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் சனம் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க யாரும் பறக்கவில்லை. ஆனாலும் கமராவுக்குக் கீழே லயமும் இருந்தது, கோயிலும் இருந்தது, எல்லாம் பிலிமில் விழுந்துவிட்டது.

அந்த வரிசையில் அடுத்தடுத்த இரண்டு படங்கள் என் கைக்கு வந்தன. நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாத்தயா தன் ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி. கூடவே மடிக்கக்கூடிய ஒரு சின்ன ஸ்டீரியோஸ்கோப்பும் தந்தார். இரண்டு கண்ணாடி வில்லை, நான்கு கம்பிக் கால், அவ்வளவுதான். படம் 23 சென்டிமீட்டர் சதுரம், அளவுத்திட்டம் ஏறத்தாழ 1:40,000. பக்கத்துக்கு 9 கிலோமீட்டர் அடங்கிய நிலம் ஒரு கையகலத் தாளில். விமானம் போகப் போக ஒரு படத்தின் 60 வீதம் அடுத்த படத்திலும் விழுகிற மாதிரித்தான் எடுப்பார்கள். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து வில்லைக்குள் பார்த்தால் தட்டைத் தாளில் மேடு பள்ளம் தெரியும்.

இஸ்தோப்பில் மேசையைப் போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். முதலில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ இருக்கிறது என்றார். வில்லையைக் கொஞ்சம் நகர்த்தினேன். திடீரென்று இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ புள்ள, மலை எந்திரிக்குது!"

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்துத் தரச் சொன்னார். அதன் நுனியை வைத்துத்தான் காட்டினார். "இது ஸ்டோரு. இதுக்குப் பணிய கொழுந்து மடுவம். அந்தா வெள்ளையா தெரியுதே, அது கவ்வாத்து வெட்டுன மலை. ஆறு வளையுது பாரு, அங்கிட்டுத்தான் கோயிலு." ஸ்டோர் என்றால் தேயிலை ஆலை, மடுவம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அப்புறம் ஈர்க்கு ஓரிடத்தில் நின்றது. ஒரு சின்னக் கீறல். "இது நம்ம லயம்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு காம்பரா, அதாவது அறை, கொண்ட லயம், ஒரு காம்பரா 12 அடி என்று வைத்தால் 144 அடி, கிட்டத்தட்ட 44 மீட்டர். படத்தில் அது 1 மில்லிமீட்டர் சொச்சம். எள்ளில் பாதிகூட இல்லை. அதற்குள் என் அப்பா பிறந்த கடைசி அறை, தொங்கல் காம்பரா, இருக்கிறது.

நான் தோட்டப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவள். தொல்லியலில் வான்படத்தைப் பற்றி வாசித்திருந்தேன். ஒரு ஈர்க்கு நுனியில் அது வந்து நிற்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச். 1906 இலேயே அதை பலூனில் இருந்து படம் எடுத்துவிட்டார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. 1921 இல் அந்நாட்டு விமானப்படை எடுத்துப் போட்டிருந்த படங்களை ஓ.ஜி.எஸ். க்ரோஃபர்ட் என்ற தொல்லியலாளர் 1923 இல் எடுத்துப் பார்க்கிறார். கற்களிலிருந்து ஆற்றை நோக்கிப் போன பழைய வீதியின் தொடர்ச்சி அதில் தெரிகிறது. உழுது உழுது நிலத்தில் மறைந்துபோனது, பயிரின் நிற வித்தியாசத்தில் மேலே இருந்து பார்க்கும்போது கோடாக வந்திருக்கிறது. வேறு வேலைக்கு எடுத்த படம், யாரோ வைத்திருந்ததால் கிடைத்தது.

நம் மலைகளில் பயிர்க்கோடு அப்படி எளிதாக வராது. கோதுமை ஒரு போகத்துப் பயிர், தேயிலை ஐம்பது நூறு வருடம் அதே இடத்தில் நிற்கிற செடி. இங்கே வேறு விதமாகப் பார்க்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலையில் மண் வெளியே தெரியும், பழைய கானும் பாதையும் அப்போது மேலே வரும். காலை வெயில் சாய்வாக விழும்போது மேட்டுக்கு நிழல் கிடைக்கும். சீராகப் போகும் தேயிலை நிறம் ஓரிடத்தில் உடைந்து சதுரமாக ஒரு தட்டு தெரிந்தால் அங்கே ஒரு லயம் இருந்திருக்கலாம். தேயிலை போடாமல் விட்ட ஒரு மூலை அநேகமாகச் சவக்காலை. இதைப் படிக்க ஒரு கண் வேண்டும், அந்தக் கண் தோட்டத்தில் நடந்து திரிந்தவர்களுக்குத்தான் இருக்கிறது.

தொல்பொருள் என்று சொன்னால் நம் நாட்டில் தூபி, குளம், அரசன் கல்வெட்டு என்றுதான் மனது போகும். தொல்பொருள் திணைக்களம் 1890 இல் தொடங்கியது, அதன் பெரிய வேலையெல்லாம் அந்தப் பக்கம்தான். அந்த வேலையை நான் மதிக்கிறேன். கொத்மலையில் விகாரைகள் மூழ்கியபோது அவற்றின் நினைவாக மகாவலி மகா சேய என்ற தூபி எழுந்தது, அது சரியான காரியம். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் சனத்தின் 200 வருடத்துக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்கிறேன். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் சனம் நடந்து வந்த பாதை, காட்டில் விழுந்தவர்களைப் புதைத்த இடங்கள், கோப்பிக் காலத்து ஸ்டோர் அத்திவாரங்கள், இடித்துத் தள்ளிய லயங்கள், எல்லாம் தொல்லியல்தான். 2023 இல் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளை வரை அந்தப் பாதையை நினைத்து நடந்தார்கள். கம்பளைக்கு மேலே பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆனால் மலையகத்தை ஒரே பார்வையில், அணைகளுக்கு முன்னால் இருந்தபடி காட்டும் சாட்சி இந்த வான்படம்தான். காசல்ரீ 1965, மவுசாகலை 1969, கொத்மலையும் விக்டோரியாவும் 1985. அப்படியென்றால் 1956 இல் எடுத்த படம் இந்த நான்கு தண்ணீருக்கும் மூத்தது.

இப்போது வயிறு எரியும் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மாத்தயாவிடம் படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெட்டியின் அடிவரை பார்க்கக் கேட்டேன். மேலே இருந்தவை நன்றாக இருந்தன. அடியில் நாற்பது ஐம்பது படங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி ஒரே கட்டியாக இருந்தன. படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டால் பசையாகிவிடும். உரித்தால் முகம் கிழிந்து வரும். அவர் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்ப வைத்துவிட்டார்.

இன்னொரு இடத்தில், பெயர் வேண்டாம், கூரை மாற்றும்போது பழைய வரைபடச் சுருள்களையும் தகர டப்பாக்களையும் முற்றத்தில் குவித்திருந்தார்கள். ஒரு டப்பாவைத் திறந்தேன். வினாகிரி வாசம் மூக்கில் அடித்தது, அச்சாறுப் போத்தலைத் திறந்த மாதிரி. அந்த வாசத்தின் அர்த்தம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எளிதில் தீப்பிடிக்காத, 'பாதுகாப்பு பிலிம்' என்று சொன்ன அந்தக் காலத்து பிலிம் அசிடேட்டில் செய்தது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது உடைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். அந்த அமிலமே மீதியையும் இன்னும் வேகமாக உடைக்கும், பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும். பிலிம் சுருங்கும், மேற்பூச்சு நெளிந்து கழன்று வரும். மருந்து கிடையாது. குளிரிலும் வறட்சியிலும் வைத்தால் வேகத்தைக் குறைக்கலாம், அதற்குள் ஸ்கேன் எடுக்க வேண்டும். மஸ்கெலியா மழையில், தகரக் கூரைக்குக் கீழே, அதற்கு எத்தனை நாள் இருக்கிறது? அமிலம் காட்டும் ஒரு சின்ன நீலக் காகிதத் துண்டை டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தால், அமிலத்தின் அளவுக்கு அது பச்சையாகி மஞ்சளாகும். ஆவணக் காப்பகங்களில் எந்தச் சுருளை முதலில் காப்பாற்றுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பெரிய செலவான காரியம் இல்லை.

ஸ்கேன் என்றதும் பலர் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டு முடிந்தது என்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் நம்முடையது மலைநாடு. விமானத்துக்குக் கிட்ட இருக்கும் மலையுச்சி படத்தில் பெரிதாக விழும், பள்ளத்தாக்கு சிறிதாக விழும், உச்சிகள் படத்தின் ஓரத்தை நோக்கிச் சாயும். அதை இன்றைய வரைபடத்தின் மேல் அப்படியே வைத்தால் கோயில் ஒரு இடத்திலும் ஆறு இன்னொரு இடத்திலும் நிற்கும். திருத்துவதற்கு அடுத்தடுத்த படங்கள் இரண்டும் வேண்டும், கமராவின் குவியத் தூரம் வேண்டும், படத்தின் ஓரங்களில் இருக்கும் அடையாளக் குறிகள் வேண்டும். நிறையப் பேர் அந்தக் கறுப்பு ஓரத்தை அழகுக்காக வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். கடிகாரம், உயரமானி, படத்தின் இலக்கம் எல்லாம் அந்த ஓரத்தில்தான் விழுந்திருக்கும். கடிகாரம் காட்டும் நேரத்தை வைத்து நிழலைப் படிக்கலாம். எந்தப் படம் எந்தப் பறப்பு வரிசையில் எத்தனையாவது என்று காட்டும் சுட்டித் தாள் இல்லாவிட்டால் ஆயிரம் படம் இருந்தும் மஸ்கெலியாவைத் தேடி எடுக்க முடியாது. அதையும் சேர்த்து ஸ்கேன் எடுக்க வேண்டும், படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பதையும்.

20 மைக்ரோன் நுணுக்கத்தில் ஸ்கேன் எடுத்தால் 1:40,000 படத்தில் ஒரு புள்ளி தரையில் 80 சென்டிமீட்டர். லயத்தின் கூரையும் முற்றமும் பிரிந்து தெரியும். சுருக்கி வைக்காத டிஃப் கோப்பாக வைக்க வேண்டும், மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். ஹாட் டிஸ்க்கும் சாகும், அதுவும் சொல்லாமல் சாகும்.

இந்தப் படங்களை வெளியே விடாமல் இருக்க, நாட்டின் பாதுகாப்பு என்று ஒரு காரணம் சொல்வார்கள். அமெரிக்கா 1960 முதல் 1972 வரை உளவு பார்க்கவே வானத்தில் ஏற்றிய கொரோனா செய்மதிகளின் படங்கள், 8,60,000 க்கும் மேல், 1995 இல் ரகசியத்திலிருந்து விடுவிக்கப்பட்டன. மத்திய கிழக்கின் பழைய பாதைகளையும் புதைந்த ஊர்களையும் தொல்லியலாளர்கள் அவற்றில்தான் தேடுகிறார்கள். உளவுப் படமே வெளியே வந்துவிட்டது. அதற்கும் மூத்த, காட்டையும் மண்ணையும் அளக்க எடுத்த படத்தில் மஸ்கெலியாக் கடைத்தெருவை ஒளித்து யாருக்கு என்ன லாபம்? இங்கிலாந்தில் 2021 இல் 4,00,000 வான்படங்களை யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளை தன் போனில் தாத்தாவின் லயத்தைத் தேடிப் பார்க்கிற அளவுக்கு இங்கேயும் திறந்துவைக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்திடமும் பல்கலைக்கழகங்களிடமும் நாம் சத்தமாகக் கேட்க வேண்டியது இதைத்தான்.

பழைய நிலச்சரிவின் தழும்பும் இதே படங்களில் தெரியும். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறந்தவர் யாரும் இல்லை. தோட்டத்துச் சனத்துக்குப் புது வீட்டுக்குக் காணியைக் காட்டும் முன்னால், அந்தச் சரிவு முன்பு எப்போதாவது நகர்ந்திருக்கிறதா என்று பழைய படத்தைப் பார்க்க வேண்டாமா? அதைத் தனியாக எழுதுகிறேன்.

அவசரம் என்று நான் சொல்வதற்கு பிலிம் மட்டும் காரணமில்லை. ஸ்டோன்ஹெஞ்ச் படத்தை க்ரோஃபர்ட் 1923 இல் பார்த்தாலும் 2023 இல் பார்த்தாலும் அந்த வீதி வீதிதான். அதைப் போட்டவர்கள் செத்து நாலாயிரம் வருடமாகிவிட்டது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. நம்முடைய படத்துக்கு ஆள் இருக்கிறார்கள். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஈர்க்கு நுனியால் "இது புள்ளக்காம்பரா, இது பீலிக்கரை, இங்க ரோதமுனிக்கு வெளக்கு வைப்பாங்க" என்று பிள்ளை பராமரிக்கும் அறையையும் தண்ணீர் பீலியையும் தோட்டத்துச் சாமியையும் இடம் காட்டிச் சொல்லக்கூடிய தலைமுறையின் கடைசி ஆட்கள் இவர்கள். வரைபடத்தில் தோட்டத்துக்கு ஒரு இங்கிலீஷ் பெயர், நம் வாயில் வேறு பெயர். ஒவ்வொரு மலைக்கும், கணக்கு என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும், ஒவ்வொரு வளைவுக்கும் நாம் வைத்த பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை. பத்து வருடம் கழித்து மிக அருமையாக ஸ்கேன் எடுத்து வைத்தால், மிக அருமையான சாம்பல் நிறக் கோடுகள் கிடைக்கும். அது என்ன கோடு என்று சொல்ல ஆள் இருக்காது.

அதனால் வீட்டில் யாரிடமாவது பழைய வான்படம் இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துவிட்டு ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பெரியவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள், அவர்கள் பேச்சை அப்படியே பதிவு செய்யுங்கள்.

படத்தின் மேல் ஒரு ட்ரேசிங் தாளை விரித்து அப்பா சொன்ன பெயர்களை எல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன், முப்பத்தொரு பெயர். மூன்று இடங்களை அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்னச் சதுரமாக வரிசையாக ஏதோ இருக்கிறது. "அது பக்கத்துத் தோட்டம், அங்கிட்டு நான் போனதில்ல" என்றார். அந்தத் தோட்டத்தில் பிறந்த ஒரு ஆச்சி இப்போது நோர்வூட்டில் மகள் வீட்டில் இருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ட்ரேசிங் தாளையும் ஸ்டீரியோஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.