ப்ராக்டீஸ் கப்ப தூக்கி என்ன பண்ண?

நேத்து ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் கேட்டான், "அண்ணா இந்த இன்டர்கான்டினென்டல் கப்பு இன்டர்கான்டினென்டல் கப்புன்னு பொலம்புறீங்களே, அது ரியல் மாட்ரிட் எல்லாம் ஆடுறதா?"ன்னு. அது வேறடா, இது நம்ம இந்தியா ஃபுட்பால் கப்பு, நம்ம ஃபெடரேஷனே வச்சு நம்மளையும் சேத்து மூணு நாலு டீம் ஆடுறது, 2018ல இருந்து நாலு தடவை நடந்துருக்கு, அதுல ரெண்டு தடவை கப்பு நம்ம வீட்லயே தங்கிடுச்சுன்னேன். "அப்ப சூப்பர்தானே"ன்னான். அந்த "சூப்பர்தானே"க்கு பதில் சொல்ல ஆரம்பிச்சு லஞ்ச் டைமே முடிஞ்சுபோச்சு, மிச்சத்த இங்க எழுதுறேன். நீளமா போகும், பொறுத்துக்குங்க.

மொதல்லயே சொல்லிடுறேன், அந்த கப்ப தூக்குனப்ப தொண்டை கட்டுற அளவுக்கு கத்துனவன் நான். அதனால திட்டு எனக்கும் சேத்துத்தான்.

2018 ஜூன். அப்ப நான் மும்பைல, அந்தேரில ரூம் எடுத்து தங்கி இருந்தேன். 2019 ஜனவரில யூஏஈல ஆசிய கோப்பை, அதுக்கு தயாராகுறதுக்குன்னு இந்த டோர்னமென்ட்ட புதுசா ஆரம்பிச்சாங்க. வந்தது கென்யா, நியூசிலாந்து, சைனீஸ் தைபே. மொத மேட்ச் ஜூன் 1, தைபே கூட. ரூம்லருந்து நடந்து போற தூரம்தான், அதனால போனேன், இல்லன்னா போயிருப்பனான்னு தெரியல. ஸ்டேடியம் காத்து வாங்குது. கூட்டக் கணக்கு 2,569ன்னு அப்புறம் வந்துச்சு. கோச் லைன்ல நின்னு கத்துறது எனக்கு தெளிவா கேக்குது, சின்ன வயசுல நம்ம ஏரியா கிரவுண்ட்ல கேக்குற மாதிரியே. அஞ்சுக்கு ஜீரோ, நம்ம கேப்டன் சேத்ரி மூணு. வெளிய வந்தா ஆட்டோக்காரர் "அந்தர் க்யா சல்ரஹா ஹை"ன்னு கேக்குறார், உள்ள இந்தியா ஆடிட்டு இருக்குன்னு வாசல்ல நிக்கிறவருக்கே தெரியல.

மறுநாள்தான் சேத்ரி அந்த வீடியோ போட்டார். திட்டணும்னா கூட ஸ்டேடியம் வந்து மூஞ்சிக்கு நேரா திட்டுங்க, ஆனா வாங்கன்னு. உங்கள்ல பாதிப் பேர் ஷேர் பண்ணிருப்பீங்க. ஜூன் 4 கென்யா மேட்ச், சேத்ரிக்கு நூறாவது ஆட்டம், டிக்கெட் மொத்தமும் காலி. அன்னிக்குன்னு பாத்து மும்பை மழை, நாலாப்பக்கமும் அடிக்குது, கிரவுண்ட்ல தண்ணி தேங்கி பந்து உருளவே மாட்டேங்குது, பாஸ் பண்ணா பாதி வழில நின்னுடுது. ஒருத்தன் எந்திரிச்சு போகல. ஹாஃப் டைம் வரைக்கும் கோல் இல்ல, அப்புறம் பெனால்டில சேத்ரி, மூணே நிமிஷத்துல நம்ம சென்னையின் எஃப்சி ஜேஜே, கடைசில மறுபடி சேத்ரி. பக்கத்துல நின்ன முன்னப்பின்ன தெரியாத ஒரு பெரியவர் என்னை கட்டிப்புடிச்சுட்டார், ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சு. டிக்கெட் சட்டைப் பைல கூழாயிடுச்சு.

அதனால அந்த டோர்னமென்ட்ட நான் லேசா பேச மாட்டேன். ஆனா மழை, வீடியோ, கட்டிப்புடி எல்லாத்தையும் எடுத்துட்டு பாருங்க, ஆசிய கோப்பைக்கு தயாராகுறதுக்குன்னு சொன்னாங்களே, அதுக்கு என்ன ஆச்சு? மூணு டீம்ல ரெண்டு டீம் நம்மள ஒண்ணும் பண்ணல. பெரிய ஆளுங்க இல்லாம சின்ன பசங்கள அனுப்புன நியூசிலாந்துகிட்ட 47வது நிமிஷம் லீட் எடுத்து, அந்த சந்தோஷம் அடங்குறதுக்குள்ள வாங்கி, 86ல இன்னொண்ணும் வாங்கி தோத்தோம். லீட் எடுத்தா அத புடிச்சு வைக்கத் தெரியல, கடைசி அஞ்சு பத்து நிமிஷம் காலு ஓடல. மொத்த டோர்னமென்ட்லயும் உருப்படியா ஏதாவது தெரிஞ்சுதுன்னா இந்த ஒரு மேட்ச்லதான். அத பத்தி எவனும் பேசல. ஜூன் 10 ஃபைனல்ல திரும்ப கென்யாவ ரெண்டுக்கு ஜீரோ, ரெண்டும் சேத்ரி, 64 கோல், மெஸ்ஸிக்கு சமம்னு வாட்ஸப் ஃபார்வர்டு. நானும்தான் அனுப்புனேன்.

எங்க வியாசர்பாடில ஒரு அண்ணன் பசங்களுக்கு கோச்சிங் குடுப்பார், காசு வாங்காம. டோர்னமென்ட் வருதுன்னா ரெண்டு வாரம் முன்னாடி எங்கள பெரம்பூர் பக்கம் ஒரு சீனியர் டீம்கிட்ட இழுத்துட்டு போவார். எங்களுக்கு பதினாலு பதினஞ்சு வயசு, அவங்க எல்லாம் வேலைக்கு போற ஆளுங்க, மீசை வச்சவங்க. ஆறு, ஏழுன்னு வாங்கிட்டு வருவோம். "ஏன்ணா அசிங்கப்படுத்துறீங்க, பக்கத்து தெரு பசங்க கூட வச்சா ஜெயிச்சிருப்போம்ல"ன்னு ஒரு நாள் அழுதேன். "பக்கத்து தெரு பசங்க உன் லெஃப்ட் பேக் எங்க தூங்குறான்னு காட்டுவானுங்களா?"ன்னு கேட்டுட்டு டீ வாங்கிக் குடுத்தார். லெஃப்ட் பேக் நான்தான்.

1997ல ஃப்ரான்ஸ் பண்ணதும் அதேதான். அடுத்த வருஷம் உலக கோப்பை அவங்க ஊர்ல. நடத்துற நாடு குவாலிஃபையிங் ஆட வேண்டாம், அதனால ரெண்டு வருஷம் நிஜமான மேட்ச்சே கெடையாது, ஃப்ரெண்ட்லியா ஆடி ஆடி துரு ஏறிடும். அதுக்குத்தான் ஜூன் மாசம் நாலு டீம வச்சு லெ டூர்னுவான்னு ஒண்ணு நடத்துனாங்க. கூப்பிட்டது யார தெரியுமா, பிரேசில், இத்தாலி, இங்கிலாந்து. பிரேசிலோட ராபர்டோ கார்லோஸ் ஃப்ரீ கிக் ஒண்ணு, பந்து வெளிய போகுதுன்னு நெனச்சு பால் பாய் தலைய குனிய, அது வளைஞ்சு போஸ்ட்ல பட்டு உள்ள போக, ஃப்ரான்ஸ் கீப்பர் பார்தெஸ் செல மாதிரி நிக்கிறாரே, அது இந்த டோர்னமென்ட்தான், லியோன்ல, மொத மேட்ச்ல. கிளிப் எல்லாருக்கும் மனப்பாடம், அது ஒரு ப்ராக்டீஸ் கப்புங்கறது பாதிப் பேருக்கு தெரியாது.

சரி, கப்பு யாருக்கு? இங்கிலாந்துக்கு. ஃப்ரான்ஸ் மூணு மேட்ச்ல ஒண்ணு கூட ஜெயிக்கல, சொந்த ஊர்ல வெறும் ரெண்டு பாயின்ட். கோச் ஜாக்கே மேல அவங்க பத்திரிகைக்காரங்களுக்கு ஏற்கனவே பெருசா நம்பிக்கை இல்ல. ஆனா அடுத்த வருஷம் பாருங்க, குவார்ட்டர் ஃபைனல்ல எதிர்ல இத்தாலி, ஃபைனல்ல எதிர்ல பிரேசில். ப்ராக்டீஸுக்கு கூப்ட்ட மூணு பேர்ல ரெண்டு பேர் நிஜ பரீட்சைல வந்து நின்னாங்க. ஃபைனல் மூணுக்கு ஜீரோ, ஜிடான் தலையாலயே ரெண்டு. டூர்னுவா கப்ப தூக்குன இங்கிலாந்து அர்ஜென்டினாகிட்ட பெனால்டில தோத்து ரெண்டாவது ரவுண்டுலயே வீட்டுக்கு போயிடுச்சு. டூர்னுவா ஆடுனதாலதான் ஃப்ரான்ஸ் ஜெயிச்சுதுன்னு நான் சொல்ல வரல, சொன்னா ஜோசியம் ஆயிடும். யார கூப்ட்டாங்கன்னு மட்டும் பாருங்கன்றேன்.

உடனே "நம்ம கூப்ட்டா பிரேசில் வருமா"ன்னு கமெண்ட் போட ஒருத்தர் ரெடியா இருப்பார். வராது சார். ஆனா அதே 2018ல நம்மளே சரியா பண்ணோமே! அக்டோபர்ல சைனா போய் அவங்க ஊர்லயே ஜீரோ ஜீரோ. நவம்பர்ல ஜோர்டான், குவைத்துல வெள்ளத்தால ஃப்ளைட் எல்லாம் குளறுபடியாகி நம்ம ஆளுங்க பாதி பேர் லேட்டா போய் சேந்து, அந்த மேட்ச்ல அவங்க கோல் கீப்பர் அங்கருந்து ஒதைச்ச பந்து நம்ம கீப்பர் குர்ப்ரீத் முன்னாடி குத்தி அவர் தலைக்கு மேல எகிறி உள்ள போச்சு, கீப்பரே கோல் போட்டுட்டான், ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்தோம். டிசம்பர் கடைசில ஓமன், ஜீரோ ஜீரோ. மூணு மேட்ச், ஒரு வெற்றி கூட இல்ல, கப்பு இல்ல, வாட்ஸப் ஃபார்வர்டு இல்ல. அதுக்கப்புறம் பத்து நாள்ல, ஜனவரி 6, அபுதாபில தாய்லாந்த நாலுக்கு ஒண்ணுன்னு பிரிச்சோம், மறுநாளே அவங்க கோச் வேலை காலி. 1964க்கு அப்புறம் ஆசிய கோப்பைல நம்ம ஜெயிச்ச மொத மேட்ச். அது அந்தேரி கப்போட புண்ணியமா, அந்த மூணு மேட்ச்சோட புண்ணியமா? எனக்கு சந்தேகமே இல்ல.

அடுத்து யூஏஈகிட்ட ரெண்டு தடவை கோல் போஸ்ட் பார்ல அடிச்சுட்டு தோத்தோம். அதுக்கடுத்து பஹ்ரைன் கூட ட்ரா பண்ணா போதும், 91வது நிமிஷம் பெனால்டி, முடிஞ்சுது கதை. ரூம்ல நாங்க அஞ்சு பேர், டிவிய ஆஃப் பண்ணக்கூட யாரும் எந்திரிக்கல. எனக்கு அந்த நியூசிலாந்து மேட்ச் கடைசி நிமிஷங்கதான் கண்ணு முன்னாடி ஓடுச்சு.

2019 ஜூலைல அஹமதாபாத்ல ரெண்டாவது தடவை. இந்த தடவ தஜிகிஸ்தான், வட கொரியா, சிரியா. ஸ்டிமாச் புது கோச், புது பசங்க. தஜிகிஸ்தான் கூட ஹாஃப் டைம்ல ரெண்டுக்கு ஜீரோ லீட், முடியறப்ப ரெண்டுக்கு நாலு. வட கொரியாகிட்ட அஞ்சு வாங்குனோம். கடைசி எடம். ஊரே கழுவி ஊத்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு உலக கோப்பை குவாலிஃபையர்ல தோஹா போய், அந்த வருஷ ஆசிய சாம்பியன் கத்தார, சேத்ரி இல்லாமலே ஜீரோ ஜீரோ நிறுத்தினோம். குர்ப்ரீத் அன்னிக்கு கோல் போஸ்ட்டுக்கு பூட்டு போட்டுட்டார்.

2023ல புவனேஸ்வர். வனுவாட்டு, மங்கோலியா, லெபனான். வனுவாட்டுக்கு எதிரா 81வது நிமிஷம் சேத்ரி காப்பாத்துனார், ஃபைனல்ல லெபனான ரெண்டுக்கு ஜீரோ. கப்பு, கொண்டாட்டம், ரேங்கிங்ல 100. இங்கதான் விஷயமே இருக்கு, உலக கோப்பை குவாலிஃபையர் குலுக்கல் ஜூலைல, அதுல ரேங்கிங் பாத்து டீம்கள பாட் பாட்டா (pot) பிரிப்பாங்க, ரெண்டாவது பாட்ல இருக்கணும்னா ரேங்கிங் பாயின்ட் வேணும், சொந்த ஊர்ல ஜெயிக்கிற மாதிரி மேட்ச் வச்சா பாயின்ட் வரும். தப்பில்ல, எல்லா நாடும் கணக்கு போடும். ஆனா அத கணக்குன்னு சொல்லணும்ல, ஆசிய கோப்பைக்கு தயாராகுறோம்னு சொன்னா எப்படி. நியாயமா ஒண்ணும் சொல்லணும், அதே வருஷம் தாய்லாந்து போய் ஈராக் கூட ரெண்டு ரெண்டு ஆடி பெனால்டில தோத்தாங்க, அது நல்ல மேட்ச். ஆனா ஆசிய கோப்பைக்கு கத்தாருக்கு போறதுக்கு முன்னாடி நம்ம லீக் ஐஎஸ்எல் ஓடிட்டே இருந்ததால கேம்ப் ரெண்டு வாரம் தேறுச்சான்னா அதுவும் சந்தேகம். ஆஸ்திரேலியா ரெண்டு, உஸ்பெகிஸ்தான் மூணு, சிரியா ஒண்ணு. நம்ம? மூணு மேட்ச், ஒரு கோல் கூட இல்ல.

குவாலிஃபையர் குலுக்கல்ல ரெண்டாவது பாட்ல இருந்ததும் காப்பாத்தல. 2024 மார்ச், குவாஹாத்தி, சேத்ரிக்கு 150வது ஆட்டம், அவரே பெனால்டி போட்டு லீட், ஆஃப்கானிஸ்தான் திருப்பி ரெண்டு. திரும்பவும் லீட் எடுத்துட்டு கோட்டை விட்டது, ஆறு வருஷம் ஆகியும். அந்த செப்டம்பர்ல ஹைதராபாத்ல நாலாவது கப்பு, மொரிஷியஸ் கூட ஜீரோ ஜீரோ, சிரியாகிட்ட மூணு. 2025 அக்டோபர்ல மட்காவ்ல சிங்கப்பூர்கிட்ட தோத்து 2027 ஆசிய கோப்பைக்கே டிக்கெட் போச்சு. அங்கயும் மொத கோல் நம்மளுதுதான்.

இவ்ளோத்தையும் கேட்டுட்டு தம்பி, "சரிண்ணா, அந்த மழை மேட்ச் டிக்கெட் இருக்கா"ன்னான். பர்ஸ்ல இருந்து எடுத்துக் குடுத்தேன், காய வச்சு மடிச்சு வச்சது. வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறான். "இந்தியா வெர்சஸ்... அழிஞ்சுபோச்சுண்ணா, எதிர்ல யாரு?"