தெர்தியு போட்ட ஒரு வரி

போன ஞாயிறு ஆராதனையில் பிரசங்கித்த தம்பி ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார். வேதாகமத்தில் மனுஷனுடைய சொல் ஒன்றுகூட இல்லையாம். பரிசுத்த ஆவியானவர் சொல்லச் சொல்ல, பேனா மாதிரி இருந்து எழுதினார்களாம். பக்கத்தில் இருந்தவர் ஆமென் போட்டார். எனக்கு வாய் வரவில்லை.

வேதம் தேவ ஆவியினால் அருளப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்தப் பேனாதான் இடிக்கிறது.

சொல்லச் சொல்ல எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் சவூதியில் இருந்த மாமாவுக்கு நான்தான் எழுத்தாளன். அம்மம்மா விறாந்தையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டே சொல்லுவார், நான் நீல ஏரோகிராமில் எழுதுவேன். கடிதம் அவருடையது. எழுத்துப் பிழை என்னுடையது. ஓரத்தில் இடம் கிடந்தால், 'மாமா, வரேக்க எனக்கொரு மணிக்கூடு' என்று நானும் ஒரு வரி போட்டுவிடுவேன்.

பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரிச் சபைக்கு அனுப்பிய கடிதத்தில், ரோமர் 16:22ஐ எடுத்துப் பாருங்கள். பவுல் சொல்ல எழுதிக்கொண்டிருந்த தெர்தியு, திடீரென்று தன் பெயரைப் போட்டு, நானும் உங்களை வாழ்த்துகிறேன் என்கிறார். என் மணிக்கூடுதான் ஞாபகம் வந்தது! லூக்கா, எல்லாவற்றையும் விசாரித்து அறிந்துதான் எழுதுகிறேன் என்று முதல் நாலு வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். பவுலோ, கொரிந்துவில் கிறிஸ்பு, காயு, ஸ்தேவானின் வீட்டார் இவர்களைத் தவிர வேறு யாருக்காவது ஞானஸ்நானம் கொடுத்தேனோ தெரியாது என்கிறார். பேனாவுக்கு மறதி வருமா?

2 பேதுரு 1:21இல், பரிசுத்த ஆவியினாலே 'ஏவப்பட்டு'ப் பேசினார்கள் என்று வருகிறது. அங்கே உள்ள கிரேக்க வினைச்சொல்தான் அப்போஸ்தலர் 27இல், புயலில் பவுலின் கப்பலைக் காற்று கொண்டுபோகும் இடத்திலும் வருகிறது. பாய் கட்டி ஓடிய காலத்து ஆட்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். தள்ளுவது காற்று. அதற்காக வள்ளத்தில் இருப்பவன் தூங்கிக்கொண்டா இருப்பான்?

இதைப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் சொன்னேன். அவர் கோணேசர் கோயில் பக்தர். சிரித்தார். "எங்கட கோணமாமலையைப் பாடின சம்பந்தர் இன்னொரு பதிகத்தில 'எனதுரை தனதுரையாக' எண்டு பாடியிருக்கிறார், தெரியுமோ?" என்றார். உரை என்னுடையது, அதுவே சிவனுடையதும். நான் இவ்வளவு நீட்டி முழக்கியதை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இரண்டு சமயமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

அப்புறம், வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டது என்று சொல்வது 2 தீமோத்தேயு 3:16. அடுத்த அதிகாரத்திலேயே, துரோவாவில் கார்ப்பிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, மாரிகாலத்துக்கு முன் வந்து சேர் என்று இருக்கிறது. (அந்தக் கடிதத்தைப் பவுல்தான் எழுதினாரா என்று ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. அது இன்னொரு நாளைக்கு.) மாரி என்றால் என்ன என்று திருகோணமலைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகையில் டச்பே கடல் கறுத்து, வாடை வீட்டுக்குள் வந்து அடிக்கும்போது எந்தப் போர்வை எங்கே கிடக்கிறது என்றுதான் மனம் தேடும்.

அந்தத் தம்பியை அடுத்த ஞாயிறு கண்டால் மேலங்கியைப் பற்றித்தான் கேட்கப்போகிறேன்.