கெய்கோவின் குரல் உங்கள் போனில் கேட்காது!

வகானா, கெய்கோ, ஹிகாரு என்ற மூன்று பாடகிகளின் ஜப்பானியக் குழு கலாஃபினா. அதன் ரசிகர்களிடையே ஒரு சண்டை ஓய்வதே இல்லை. மூவரில் யாருக்குச் சுருதி சுத்தம், யார் குரல் வீக், யாருக்குப் பாட்டில் இடமே கொடுக்கவில்லை என்று. சண்டை போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒவ்வொரு வாதத்தின் நெற்றியிலும் "இது என் கருத்து இல்லை, அப்ஜெக்டிவ்" என்று ஒரு முத்திரை குத்துகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆதாரம் என்று நீட்டுவதில் முக்கால்வாசி ஓட்டை.

"கெய்கோவின் குரல் கேட்கவே இல்லை, அவர் சும்மா நிற்கிறார்" என்கிறார்கள். எதில் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கரில். மூன்று குரலும் சேரும்போது கெய்கோ பெரும்பாலும் தாழ்ந்த சுரங்களை, அதாவது கீழ் வரியைப் பிடிப்பவர். அந்த இடங்களில் அவர் சுரத்தின் அடிப்படை அதிர்வெண் 200 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். நகத்தளவு ஸ்பீக்கரில் அந்தப் பகுதி ஏறக்குறைய செத்துப்போகும். மேலே வகானாவோ, மனிதக் காதுக்குக் கூர்மை அதிகமான 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியில் மேற்சுரங்களை, அதாவது பாடும் சுரத்தின் மடங்குகளாகக் கூடவே ஒலிப்பவற்றை, கொட்டுகிறார். ஒரே பலத்தில் பாடினாலும் மேல் குரல்தான் முன்னால் வந்து நிற்கும். இது காதின் அமைப்பு, ஸ்பீக்கரின் குறை. பாடகியின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? இசைத்தட்டையோ தரம் குறைக்காத ஃபைலையோ வயர் ஹெட்ஃபோனில் போட்டு, கீழ் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு கோரஸ் முழுக்கக் கேளுங்கள். அந்த வரி விழுந்தால் மேலே இருப்பது மொத்தமும் அந்தரத்தில் தொங்கும்.

இதைவிடக் கொதிப்பேற்றுவது, சுரம் சரியா என்று காட்டும் டியூனர் செயலியின் ஸ்கிரீன்ஷாட். "பாருங்கள், 14 சென்ட் கீழே இருக்கிறது, அபசுரம்!" என்று சிவப்பு வட்டம் போட்டு மாட்டுகிறார்கள். சென்ட் என்பது பியானோவின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் நூறில் ஒரு பங்கு. அந்தச் செயலி அளப்பது பியானோவின் சம இடைவெளி அளவுகோலை வைத்து. அதில் மேஜர் தேர்ட், அதாவது சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி, 400 சென்ட். இரண்டு குரல்கள் உண்மையில் ஒட்டும் இடமோ 386. ஒருவர் 220 ஹெர்ட்ஸில் பாடினால், மேலே சேர்பவர் பியானோ கணக்கில் 277.2-ல் நிற்க வேண்டும். ஒட்டும் இடம் 275. ஏன் 275? 220-இன் ஐந்து மடங்கும் 275-இன் நான்கு மடங்கும் 1,100-ல் ஒன்றாய் விழுகின்றன. 277.2-ல் நின்றால் நான்கு மடங்கு கிட்டத்தட்ட 1,109. வினாடிக்கு எட்டு ஒன்பது முறை அடித்துக்கொண்டு அந்த இசைவு நடுங்கும். தம்பூராவோடு அந்தர காந்தாரத்தைச் சேர்த்துப் பாடியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், காதே சொல்லிவிடும். அதைவிடச் சிறிய இடைவெளியான மைனர் தேர்டுக்கு நேரெதிர்: ஒட்டும் இடம் 316, செயலி எதிர்பார்ப்பது 300. ஆக, இசைவைத் துல்லியமாகப் பிடித்தவரைத்தான் அந்தச் செயலி குற்றவாளி ஆக்குகிறது. பின்னால் கீபோர்டு கனமாக ஒலிக்கும் இடத்தில் பாடகிகள் இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிற்பார்கள். அதுவும் பிழை இல்லை. போதாக்குறைக்கு இந்தச் செயலிகளில் பல, ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டும் பார்க்கத் தெரிந்தவை. மூன்று குரலை ஊட்டினால் ஒரு ஸ்தாயி தாவிக் காட்டும். அதையும் படம் பிடித்துப் போடுகிறார்கள்!

அடுத்து, யார் எத்தனை வினாடி பாடினார் என்று வட்டப்படம். கணக்கில் வருவது முதன்மை மெட்டு மட்டும். மெட்டோடு வேறு சுரத்தில் இணைந்து பாடும் ஹார்மனிக்குப் பூஜ்யம். இசையமைப்பாளர் யூகி கஜியுரா இந்தக் குழுவைத் தொடங்கியது "காரா நோ கியோகாய்" என்ற அனிமே படவரிசையின் பாடல்களுக்காக. முதல் சிங்கிள், அதாவது ஒரு பாட்டை முன்வைத்து வரும் சிறிய இசைத்தட்டு, "ஒப்லிவியஸ்" 2008 ஜனவரியில் வந்தது. அன்று முதலே குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படர்வதுதான் இந்தக் குழுவின் உயிர். அதைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு எந்த நியாயத்தைப் பேசுகிறீர்கள்? எந்த மொழியிலும் சேராத சொற்களில் கஜியுரா எழுதும் கோரஸ் பகுதிகள் வேறு இருக்கின்றன. யார் எதைப் பாடினார் என்று பாடல் வரிகளுக்கு வண்ணம் தீட்டும் ஆட்கள் அவற்றை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹிகாரு நடுவரியில் கட்டும் வேலை பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

குரல் பிரிக்கும் மென்பொருளை நம்பி வருபவர்களும் உண்டு. வாத்தியத்திலிருந்து குரலைப் பிரிக்க அது உதவும். ஒரே சொல்லை ஒரே நொடியில் பாடும் மூன்று பெண் குரல்களை அது பிரிப்பதில்லை; பலமாகக் கேட்பதை 'முதன்மை' என்று ஒதுக்கும், பாதி வரியில் ஆளை மாற்றிவிடும். ஸ்டுடியோ பதிவில் ஒரே ஆளின் குரலையே பல அடுக்காகப் பதிந்திருப்பார்கள், அந்த அடுக்குகள் வேறு குழப்பும். அதைவிட யோக்கியமான வழி ஒன்று இருக்கிறது. சிங்கிளில் வாத்தியம் மட்டும் உள்ள டிராக்கும் வரும். பாட்டையும் அதையும் இசைத்தட்டிலிருந்தே எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இம்மி பிசகாமல் ஒட்டவைத்து, வாத்திய டிராக்கின் ஒலியலையை மேல்கீழாகப் புரட்டிக் கலந்தால் பொதுவானது அடிபட்டுக் குரல் மிஞ்சும். எம்பி3-யில் செய்தால் குப்பைதான் மிஞ்சும். இரண்டு டிராக்கின் மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு, வேறுபட்டாலும் டிரம்ஸ் எச்சம் ஒட்டிக்கொண்டே வரும். அப்படியும் மூவரும் சேர்ந்துதான் கிடைப்பார்கள். அதற்குமேல் காதுதான்.

அந்தக் காதைச் சோதிக்கச் சொன்னால் மட்டும் யாரும் வருவதில்லை. வேறொருவரைப் பத்து வினாடித் துண்டுகள் பத்து வெட்டித் தரச் சொல்லுங்கள். காணொளி கூடாது. கேமரா யாரைக் காட்டுகிறதோ அவர் குரல்தான் காதில் விழும். ஒவ்வொரு துண்டிலும் மேல் வரியோ கீழ் வரியோ, ஏதாவது ஒரு வரி யாருடையது என்று எழுதிவைத்துப் பிறகு சரிபாருங்கள். மூன்று பேரில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்று நான்கு சரியாகிவிடும். அதனால் எட்டுக்குக் கீழே வாங்கியவர் ஹிகாருவின் குரல் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இப்போது புதிதாக ஒன்று: டோக்கியோவின் புடோகன் அரங்கில் நடந்த 2015 கச்சேரியின் வட்டையும், கஜியுராவின் பங்கு இல்லாமல் 2025 ஜனவரியில் மூவரும் மறுபடி சேர்ந்த கச்சேரியையும் பக்கத்தில் வைத்து "குரல் தேய்ந்துவிட்டது", "இல்லை, மெருகேறிவிட்டது" என்கிறார்கள். கச்சேரி வட்டு என்பது ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதிந்து, பிறகு உட்கார்ந்து கலந்து, வேண்டிய இடத்தில் திருத்தவும் வாய்ப்புள்ள சரக்கு. அதன் எதிரே அரங்கின் ஞாபகத்தை வைத்தால் அது என்ன அளவுகோல்? "எனக்கு அன்றைய குரல்தான் பிடிக்கும்" என்று சொல்லுங்கள், ஒருவரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அப்ஜெக்டிவ் என்றுதான் சொல்வேன் என்றால், எந்தப் பாட்டு, எந்தப் பதிவு, எத்தனையாவது நிமிடம், யாருடைய வரி, இந்த நான்கையும் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.