ஷீதல் தேவியைக் காட்டி ஊழியர்களைத் திட்டுகிறவர்களுக்கு

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிற அந்த மேடைப் பேச்சை நானும் பார்த்துத் தொலைத்தேன். யார் என்று சொல்லத் தேவையில்லை, உங்கள் டைம்லைனிலும் வந்திருக்கும். மாற்றுத்திறனாளி வில்வித்தை வீராங்கனை ஷீதல் தேவி அம்பு விடுகிற வீடியோவைத் திரையில் ஓடவிட்டு, "ரெண்டு கையும் இல்லாத பொண்ணே சாதிக்குது, உங்களுக்கு டார்கெட் முடிக்க என்ன கேடு?" என்கிறார். கைதட்டல் வேறு.

சரி, அந்தப் பெண்ணிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் கற்க வேண்டியவர் மைக் பிடித்திருந்தவர்தான். வலது காலால் வில்லைத் தூக்கி, தோளில் மாட்டிய கருவியால் நாணை இழுத்து, தாடையால் அம்பை விடுகிறார் ஷீதல். கையால்தான் இழுக்க வேண்டும் என்று யாராவது அடம்பிடித்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். பயிற்சியாளர்கள் அவர் உடம்புக்கு ஏற்ப கருவியை மாற்றினார்கள், விதியும் இடம் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில், 17 வயதில், சக வீரர் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம். கருவியை மாற்றினார்கள் ஐயா, கருவியை! அந்தப் பகுதி மட்டும் ஏன் எந்தப் பேச்சிலும் வருவதே இல்லை?

பார்வையற்றவர்களின் ஓட்டப்பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? வீரரும் வழிகாட்டியும் ஒரு சின்னக் கயிற்றை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். வழிகாட்டி இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, எல்லைக்கோட்டை வீரருக்கு முன்னால் தாண்டினால் தகுதிநீக்கம். இந்த விதியை அலுவலகத்தில் கொண்டுவந்தால் எத்தனை மேலாளர்கள் தேறுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? வேலை முடிந்ததும் போட்டோவில் முதல் ஆளாக வந்து நிற்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் காலிபர், அதாவது காலைத் தாங்கும் கருவி, போட்டு நடக்கிறவன். முன்பு வேலை பார்த்த இடத்தில் வாராவாரம் மீட்டிங் மாடியில், லிஃப்ட் கிடையாது. கீழே ஒரு அறை சும்மாதான் கிடந்தது, அங்கே வைக்கலாமே என்று கேட்டேன். "பேசிப் பார்க்கிறேன்" என்றார் மேலாளர். பேசவே இல்லை. நான் கைப்பிடிச்சுவரைப் பிடித்து ஏறிப் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், பாதிப் பேச்சு முடிந்திருக்கும். அப்புறம் ஆண்டுவிழாவில் அதே மனிதர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "இவர் படியேறுவதைப் பார்த்தாலே எனக்கு உற்சாகம் வரும்" என்றார். ஒரு கேடயமும் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு மேடைப் படியில் இறங்கவும் கஷ்டப்பட்டேன், அது தனிக்கதை.

"நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்?" இருக்கட்டும், வாசலில் ஒரு சாய்தளம் போட்டுவிட்டு வந்து அந்த நல்ல எண்ணத்தைச் சொல்லட்டும். "மன உறுதி இல்லாமலா பதக்கம் வாங்கினார்கள்?" இல்லை என்று யார் சொன்னது? இதில் நியாயம் இருக்கிறது, அது இல்லாதவர் அந்தக் களத்துக்கு வரவே முடியாது. ஆனால் அது அவர்கள் கொண்டுவருவது, நீங்கள் என்ன கொண்டுவந்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. "ஆளுக்கொரு வசதி கேட்டால் தொழில் நடத்துவது எப்படி?" என்று இன்பாக்ஸில் ஒருவர். நான் கேட்டது காலியாகக் கிடந்த ஓர் அறையை. அதைக்கூடத் திறந்துவிட முடியாதவர்கள் பாராலிம்பிக்ஸ் வீடியோ போட்டு எங்களுக்கு விடாமுயற்சி பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

கமென்டில் திட்டுங்கள், பரவாயில்லை. "நீங்களே ஒரு இன்ஸ்பிரேஷன் சார்" என்று எழுதினால் மட்டும் பிளாக் பண்ணிவிடுவேன், இன்றைக்கு அதற்குப் பொறுமை இல்லை.