ஆவுளியாவுக்காக அறுத்த வலை

கடல்பசுவைக் காப்பாற்றி விட்ட வீடியோ எதைப் பகிர்ந்தாலும் கீழே இதயங்கள் குவிகின்றன. குவியட்டும். எனக்கு மட்டும் அந்த வீடியோக்களில் ஓரமாகக் கிடக்கும் வலைதான் முதலில் கண்ணில் படுகிறது.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், மல்லிப்பட்டினம் பக்கம் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒருநாள் விடியற்காலையில் வலை கனத்திருக்கிறது. பெரிய திருக்கை என்று நினைத்து இழுத்தால், வந்தது ஆவுளியா. எங்கள் பக்கம் கடல்பசுவுக்கு அதுதான் பெயர். அது மீன் இல்லை, நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆகவேண்டும், வலையில் சுற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. கத்தியை எடுத்து அறுத்துவிட்டார். "புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுச்சுடா. அப்புறம் ஆளையே காணோம்" என்றார். அதன்பிறகு நாலு நாள் கரையில் உட்கார்ந்து அந்தக் கிழிசலைப் பின்னினார். அந்த நாலு நாளும் கடலுக்குப் போகவில்லை.

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாக 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென்று முதலில் வந்தது இதுதான். நல்ல வேலை. மன்னார் வளைகுடாவில் 1986-இல் 21 தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, தலைமுறை தலைமுறையாகத் தீவுப் பக்கம் போய்வந்தவர்கள் ஒரே கையெழுத்தில் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். இங்கே அப்படி இல்லை. பாரம்பரிய மீன்பிடிப்பு தொடரலாம். உள்ளூர் மக்களைக் கலந்துபேசித்தான் இப்படிப் பாதுகாப்பகம் அறிவிக்க வேண்டும் என்று வனஉயிரினச் சட்டமே சொல்கிறது.

சரி, அறிவித்த பிறகு? நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 36பி பிரிவில் இருக்கிறது. வனத்துறைக்கு இடம், கிராம ஊராட்சிகளுக்கு இடம், தொண்டு நிறுவனங்களுக்கு மூன்று இடம். வேளாண்மைத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும்கூட இடம் உண்டு. மீனவர் என்ற சொல் மட்டும் இல்லை. காட்டையும் மேய்ச்சலையும் மனதில் வைத்து எழுதிய பிரிவை அப்படியே தூக்கிக் கடலுக்கு மாட்டினால் இப்படித்தான் ஆகும். கடல்பசு என்ற பெயரைப் பார்த்துக் கால்நடைத் துறையைச் சேர்த்தார்களோ என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கடலோர ஊர்களில் எந்த வலை போடலாம், எந்த நாளில் போகலாம் என்று முடிவு செய்வது ஊர்க்கூட்டம். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மீதி நாள் என்று பாக் விரிகுடாவில் பல வருடமாக ஓடும் ஏற்பாடு ஊர்க்கூட்டங்கள் காவல் காக்காமல் ஓடாது. பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களையும் பாருங்கள். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பவர்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம், மீன்பிடித் தடைக்காலத்தில் கடலில் இறங்க மாட்டோம், பவளப்பாறையைச் சுரண்டும் இரும்பைத் தொடமாட்டோம் என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். எந்த அதிகாரியும் போட்ட உத்தரவில்லை. அதே கடலில் வெளிநாட்டுப் பாசியை வளர்க்கச் சொல்லிக் கொண்டுவந்து, அது குருசடைத் தீவின் பவளப்பாறை மேல் படர்ந்த கதையும் உண்டு. கொண்டுவந்த கம்பெனியின் பெயரால் 'பெப்சி பாசி' என்றே அதைச் சொல்கிறார்கள். அந்த யோசனை படித்தவர்களுடையது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மீனவர் எல்லாரும் கடலின் காவல் தெய்வங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் ஆவுளியாவை அறுத்துக் கறி போட்டவர்கள் உண்டு. வீட்டிலேயே அந்தக் கதை கேட்டிருக்கிறேன். ஆனால் இன்று வலையை அறுத்து அதை விட்டுவிடுகிறார்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இந்த மாற்றம் வரவில்லை. நடுக்கடலில் அந்த நேரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்? கடல்புல் இருந்தால்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் தங்கி வளரும், அந்தப் புல்லை மேய்வதுதான் ஆவுளியா என்பது தொழிலுக்குப் போகிறவர்களுக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் மூன்று வருடமோ அதற்கு மேலோ ஆகிவிடும் என்பதால், வலையில் செத்துப்போகும் ஒவ்வொன்றும் பெரிய இழப்பு.

விடுவிப்பவர்களுக்குப் பரிசுத்தொகை தருகிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பரிசு வேறு, வலைக்கான இழப்பீடு வேறு. பரிசு மேடையில் கொடுப்பது. வலைக்காசு மறுநாளே கையில் இருக்க வேண்டியது. அண்ணன் கேட்டது இன்னொன்று: "நான் ஒரு வலையை அறுத்து ஒண்ணை விட்டேன். புல்லையே வேரோட வாரிக்கிட்டுப் போற இழுவைமடியை யார் அறுக்கிறது?" கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு இழுவைமடி இழுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தில் இருக்கிறது. இரவில் அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

சேதுபாவாசத்திரம், மணமேல்குடி பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்: பாதுகாப்பகம் பற்றிய கூட்டம் எதிலாவது உங்கள் ஊர்க்கூட்டத்து ஆள் யாராவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரா? போட்டோவுக்கு நின்றதைக் கேட்கவில்லை.